நீட்டுப் பொட்டு

மொன்றியலில், சென்ட் லோரன்டில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் முதன்முதல் வீடியோ டெக் வாங்கிய தமிழன் நான்தான். அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் அரைகுறை, அகதி வழக்கும் முடியவில்லை. ஆனாலும் கோட் தைக்கும் தொழிற்சாலையில் அயன் பிடித்தே கலர் ரி.வி.யும் டெக்கும் வாங்கி வரவேற்பறையில் வைத்தேன். பிறகு பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வாங்கியதெல்லாம் வேறு கதை. அதைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வேன். இதைச் சொல்லத்தான் நாக்கு எழும்புவதில்லை.

சனிக்கிழமை மத்தியானமானால் கட்டடத்துத் தமிழ்ச் சனம் முழுக்க எங்கள் வீட்டுக் கார்ப்பெட்டில்தான் இருக்கும். தமிழ்க் கடையிலிருந்து வீடியோ கசெற்றில் படக் கொப்பி வரும். மனைவி றோல்ஸ் பொரிப்பாள். வேலை அலுப்பில் நான் பெயர் ஓடி முடியும் முன்பே சாய்ந்து குறட்டை விடுவேன்.

என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. அந்த நாளில் கொடிகட்டிப் பறந்த ஒரு நடிகையின் சாயல் அவளுக்கு அப்படியே இருந்தது. திருகோணமலையில் சின்ன வயதிலிருந்தே ஊர் அவளை நடிகை என்றுதான் கூப்பிட்டது. மொன்றியல் பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைச் சொல்ல வராமல் ஆசிரியர்கள் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். கிழமை முழுக்க வாய் திறக்காத பிள்ளை, சனிக்கிழமை மட்டும் மீண்டும் நடிகை. ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தச் சாயல்தான்.

ஒரு சனிக்கிழமை அந்த நடிகையின் படம் ஓடியது. அன்று நான் விழித்திருந்தேன். நடிகை கொஞ்சம் உடம்பு வைத்திருந்தா.

"இஞ்சை பாருங்கோ இடுப்பை! உரலுக்குச் சீலை சுத்தின மாதிரி," என்றா மேல்மாடி அக்கா.

"தூக்கி ஆடுறவன்ர முதுகை நினைச்சுப் பார். அவனுக்குக் கூலி கூட்டிக் குடுக்க வேணும்," என்றார் அவவின் புருஷன்.

வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன் அக்கா என் மகள் பக்கம் திரும்பினா. "நடிகை, நீயும் பாத்துச் சாப்பிடு ராசாத்தி. சாயல் உன்ர முகத்தோடை நிக்கட்டும். பேந்து இடுப்புக்கும் வந்திடும்."

மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, ஒரு கடி கடித்த றோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

சில மாதங்கள் கழித்து அதே நடிகையின் புதுப் படம் வந்தது. நான் வழக்கம்போல் நித்திரை. மனைவி பிறகு சொன்னாள்: நடிகை வந்து நின்றதும் சனம் வாயைப் பிளந்ததாம். அப்படி ஒரு மெலிவு, ஈர்க்குப் போல. "பாத்தியளே, வாயைக் கட்டினால் நடக்குது!" என்றாவாம் மேல்மாடி அக்கா. எல்லோரும் போன பிறகு மகள் கொப்பியைப் பின்னுக்கு ஓட்டி, ரி.வி.யில் மூக்கு முட்டுமளவு கிட்ட இருந்து திரும்பத் திரும்பப் பார்த்தாளாம்.

அதன் பிறகு முதலில் சோறு நின்றது. பிறகு பாண். "பள்ளிக்கூடத்திலை சாப்பிட்டனான் அம்மா" என்பாள். கட்டிக் கொடுத்த சாப்பாடு குப்பை வாளியில் பேப்பருக்குள் சுருண்டு கிடக்கும். கன்னம் ஒட்டியது. சீப்பில் மயிர் கொத்தாக வந்தது. ஹீற்றர் எரிகிற வீட்டுக்குள் குளிர் கோட்டோடு திரிந்தாள். மனைவி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள், நேர்த்தி வைத்தாள், குழைத்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் காலடியில் இருந்து அழுதாள். கொழும்பு முகாமில் ஒரு பார்சலை நாலு பேர் பங்கிட்டுச் சாப்பிட்ட குடும்பம் நாங்கள். இங்கே குளிர்பெட்டி நிறையச் சாப்பாடு, சாப்பிட ஆளில்லை.

"அவவாலை ஏலுமெண்டால் என்னாலை ஏன் ஏலாது?" மகள் சொன்னது அவ்வளவுதான்.

அவளுடைய பொட்டும் மாறியிருந்தது. வட்டமாக வைக்கிறவள் வெள்ளரி விதை போல நீட்டாக வைத்திருந்தாள். கேட்டதற்கு மனைவி, "படத்திலை அவ அப்பிடித்தான் வைச்சிருக்கிறா. இப்ப எல்லாப் பெட்டையளும் உப்பிடித்தான்," என்றாள். உண்மைதான். பஸ் தரிப்பில் நின்ற எங்கள் பிள்ளைகள் எல்லோருடைய நெற்றியிலும் வெள்ளரி விதை.

மகள் பஸ்ஸுக்குள் மயங்கி விழுந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவள் உள்ளே படுத்திருக்க, அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில் என்று கொப்பியைப் போட்டேன். நடிகை வந்தா. மெலிவுதான், நீட்டுப் பொட்டுத்தான். பிறகு வில்லன் வந்தான். ஊரறிந்த தொந்திக்காரன், அவனும் ஈர்க்கு. ஒரு கார் வந்தது. அதன் சில்லு வட்டமில்லை, முட்டை. வானத்து நிலவும் முட்டை.

திருகோணமலையில் ஒரு தியேட்டர் கேற்றில் நின்றவன் நான். சினிமாஸ்கோப் என்கிற அகலப் படத்தை ஒடுக்கித்தான் பிலிமில் பிடிப்பார்கள். அதை விரித்துக் காட்டத் தனி லென்ஸ் உண்டு. ஒப்பரேட்டர் அதை மாட்ட மறந்தால் திரையில் யானையும் ஒட்டகம் போல நெட்டையாகும். கலரிச் சனம் விசிலடித்து, "டேய், லென்ஸைப் போடடா!" என்று கத்தும். லென்ஸ் இல்லாமல் கொப்பி அடித்த படம் இது. நடிகை ஒரு றாத்தலும் மெலியவில்லை. அவவின் பொட்டும் வட்டப் பொட்டுத்தான். என் பிள்ளை உலகத்தில் இல்லாத ஓர் உடம்புக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள்.

மகளைத் தாங்கிக் கூட்டிவந்து இருத்தினேன். "சில்லைப் பாரம்மா. நிலவைப் பார். முட்டை. எல்லாம் பொய் பிள்ளை, லென்ஸ் இல்லை!"

அவள் கனநேரம் பார்த்தாள். நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வாழ்க்கையில் நான் இறங்கிய எந்தக் காரியத்திலும் தோற்றதில்லை.

"அப்ப அவ இன்னும் குண்டுதானே, அப்பா?" என்றாள். "எல்லாரும் இன்னும் சிரிப்பினம்."

அன்றும் சாப்பிடவில்லை. நெற்றியை மட்டும் துடைத்தாள்.

தமிழ்க் கடைக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டேன். "அண்ணை, ஒருத்தரும் குறை சொல்லேல்லை. நல்ல வடிவெண்டுதானே சனம் கேட்டு வாங்கினது," என்றான். மேல்மாடி அக்காவிடம் சொன்னேன். அவ கன்னத்தில் கை வைத்தா. "அப்ப அவ மெலியவே இல்லையோ? சீ, என்னமாய் ஏமாத்திப்போட்டா!"

அடுத்த கிழமை மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையில் சேலைன் ஏறியது. இதயம் களைத்துப்போயிருக்கிறது, அவளாகச் சாப்பிடத் தொடங்காவிட்டால் எதுவும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னதைத் தெரிந்த பெடியன் ஒருவன் தமிழில் சொன்னான். தாதி வந்து வந்து "மாஞ்ஜே, மாஞ்ஜே" என்பாள். சாப்பிடு, சாப்பிடு என்று அர்த்தம். இந்த நாட்டுப் பாஷையில் நான் ஒழுங்காகக் கற்ற முதல் சொல் அதுதான். நானும் கட்டிலருகில் இருந்து அதையே சொன்னேன், தமிழில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனபடியால்.

அறையின் மூலையில் உயரத்தில் ஒரு ரி.வி. பிரெஞ்சு நிகழ்ச்சி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். கையும் காலும் தடி போல. மகள் இமைக்காமல் பார்த்தாள். தட்டில் தோடம்பழச்சாறு தொடாமல் இருந்தது.

"அப்பா," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவவுக்குப் பின்னாலை சுவரிலை ஒரு மணிக்கூடு தெரியுது. எனக்குக் கண் மங்குது. அது வட்டமோ, முட்டையோ?"

எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அச்சில் வார்த்தது போல வட்டம். படத்தில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பெண் உண்மையாகவே அப்படித்தான் இருந்தாள்.

பிறகு செய்த வியாபாரத்தில்கூடப் பொய் சொல்லாதவன் என்று எனக்குப் பெயர்.

"முட்டை," என்றேன். "சுத்த முட்டை. இங்கையும் லென்ஸ் போட மறந்திட்டாங்கள்."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கண் பொய்யைக் காட்டிக் கொடுத்ததோ என்னவோ. கையை நீட்டிச் சாற்றை எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். பிறகு கிளாஸைக் கீழே வைக்காமல், நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் அந்தக் கிளாஸைப் பார்த்தபடி, ரி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றேன்.