நேர்த்திக்குப் போட்ட புத்தகம்

இந்த நத்தாருக்கு, யேசு பாலன் பிறந்த திருநாளுக்கு, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மகன் ஆள் பிடித்திருக்கிறான். நேற்றுக் காலையில் அந்த மனிதர் ஜன்னல் கதவுகளைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, ஒரு தகர டப்பாவில் லின்சீட் எண்ணெயை ஊற்றிக் கலக்கினார் பாருங்கள், வாடை வீடு முழுக்க ஏறிவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என் கதிரையை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஐயா, தலவலி வந்துரும், அங்கிட்டுப் போங்க" என்றார் அவர். எனக்கா வரும்? அச்சு மையும் அந்த எண்ணெயில்தான் குழைப்பது. அந்த வாடைக்காகவே ஒரு காலத்தில் காரணமில்லாமல் ஒரு சந்துக்குள் நுழைந்து வெளியே வந்தவன் நான்.

கண்டியில் கொழும்பு வீதிக்குப் பின்னால் இருந்தது அந்தச் சந்து. ஒரு பக்கம் குடை திருத்துகிறவர், மறுபக்கம் தயிர்ச் சட்டி அடுக்கிய கடை, நடுவில் நானாவின் அச்சுக்கூடம். அவர் திகனப் பக்கத்து முஸ்லிம் மனிதர். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் நானாதான், அண்ணன் என்கிற மாதிரி. காலால் மிதிக்கிற யந்திரம் ஒன்றே ஒன்று. கல்யாணக் கார்டு, சிங்கள நோட்டீஸ், கந்தோர் ஆபீசுகளுக்கு வேண்டிய இங்கிலீஷ் தாள்கள், இவைதான் அங்கே ஓடும். தமிழ் வேலை எப்போதாவது வரும். அப்படி எப்போதாவது கொண்டுபோகிறவன் நான்.

அப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கடையில் நோட்டீஸ் போடுவார்கள். அந்த நாளில் நோட்டீஸ் என்றால் பாட்டாக இருக்க வேண்டும்; சும்மா வசனத்தில் போட்டால் கடை நொடித்துவிட்டது என்று நினைப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னிடம் அந்த வேலை எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. 'பட்டுச் சேலை பளபளக்கும், கட்டிப் பார்த்தால் கண்பறிக்கும், வாரீர் வாரீர் சீக்கிரம் வாரீர்!' சிரிக்காதீர்கள், அதைப் பார்த்து ஜனம் வந்தது. முதலாளி, "கவிராயரே, துவாய்த் துண்டுக்கும் ஒரு வரி சேத்துக்க" என்று கல்லாவிலிருந்தே சத்தம் கொடுப்பார். மை காயாத தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குள் அடுக்குவேன். அதில் என் பேர் கிடையாது, ஆனாலும் அடுக்குவேன். "நோட்டீஸ் மட்டும் வருது, சேலையக் காணோமே" என்பாள் என் சம்சாரம்.

அலுமாரி என்றதும் அதன் மேலே இருந்த தேவமாதா படம் ஞாபகத்துக்கு வருகிறது. காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷம் அது. நத்தாருக்குக் கடுகண்ணாவையில் மச்சான் வீட்டுக்குப் போய் வந்தோம். கொஞ்ச நாளில் மகள் லூர்துவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கொயினா மருந்தைக் கரைத்து ஊற்றினால் அப்படியே துப்பினாள். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் லூர்துவின் கண் மேலே சொருகியது. சம்சாரம் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். ஊரில் மனிதர்கள் மெழுகுதிரி நேருவார்கள், மொட்டை நேருவார்கள், வெள்ளியில் கை கால் செய்து வைக்க நேருவார்கள். என் வாயில் வந்தது வேறு: "தாயே, இந்தப் பிள்ளைய எங்களுக்கு விட்டுரு. ஒன் பேருல ஒரு பாட்டுப் புத்தகம் போட்டு வார திருநாளுக்கு ஒன் பாதத்துல வைக்கிறேன்." புத்தகம் போடுகிற ஆசை போய் நேர்த்தியோடு சேர்ந்து வந்துவிட்டது பாருங்கள்.

பிள்ளை பிழைத்தாள். மறுநாள் கஞ்சி கேட்டாள். சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி முடித்த கையோடு சம்சாரம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மெழுகுதிரின்னு சொல்லியிருக்கக் கூடாதா? இன்னைக்கே ஏத்தியிருக்கலாம். புத்தகம் எங்கங்க விக்கிறாங்க?"

பாட்டு எழுதுவது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. தவக்காலம் முடிவதற்குள் ஒன்பது பாட்டு வந்துவிட்டது. புத்தகமாக்குவதுதான் மலை. அந்த நாளில் என்னைப் போன்றவனுக்கு என்ன வழி இருந்தது என்று கேட்பீர்கள். நான் எல்லாக் கதவையும் தட்டினேன்.

முதலில் பங்குச் சுவாமியார். அவர் இத்தாலிக்காரர்; தமிழைப் புத்தகத்தில் படித்து, புத்தகம் மாதிரியே பேசுவார். "மகனே, வேதப் புத்தகம் என்றால் எனக்கும் மேலான மேற்றிராணியாருடைய அனுமதி வேண்டும். அதற்கு மாதங்கள் செல்லும். பின்பு நமது சபை அச்சுக்கூடத்தில் சிறுவர்களுக்கான ஞானோபதேசம் அச்சாகி முடிய வேண்டும்" என்றார். "அது எப்ப சாமி முடியும்?" என்றேன். "ஞானோபதேசம் முடிவதே இல்லை, மகனே." சிரித்துக்கொண்டே ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினார்.

இந்தியாவுக்கு அனுப்பலாமா என்று முதலாளியைக் கேட்டேன். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் அப்படி அனுப்பியிருந்தாராம். நல்ல தாள், நல்ல கட்டு, ஒரு குறையும் இல்லை. கப்பலேறி வந்து சேர்ந்தபோது அவர் காலமாகிக் கருமாதியும் முடிந்துவிட்டிருந்ததாம். "பொட்டியத் தொறந்து அவரு படத்துக்கு முன்னால வச்சாங்கப்பா" என்றார். "அதெல்லாம் எதுக்கு, நானே போட்டுத் தாரேன். மொதப் பாட்டு கடையப் பத்தி இருக்கட்டும், ரெண்டாவதுல இருந்து ஒங்க மாதாவப் பாடிக்க." அவர் கேலிக்குச் சொல்லவில்லை. பெரிய மனிதர் பேரில் பாட்டோடு தொடங்குவதுதான் அப்போதைய வழக்கம். ஆனால் மாதாவுக்கு முன்னால் மல்வேட்டியை எப்படி வைப்பது?

இன்னொரு வழி கையொப்பம். நாலு பேரிடம் முன்கூட்டியே பிரதிக்குச் சொல்லி வைத்து, அவர்கள் பேரைப் புத்தகத்தின் முகப்பில் போடுவது. கோயில் வாசலில் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் சம்மதம், எல்லாருக்கும் முதல் பேராக வர வேண்டும். அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பம் என்னாலே ஒன்றையொன்று முகம் பார்க்காமல் பூசைக்கு உட்கார்ந்தது. அதோடு விட்டேன்.

கடைசியில் நானா. அவர் எழுத்துப் பெட்டியைச் சாய்த்துக் காட்டினார். "தமிழ் எழுத்து ஒரு பக்கத்துக்குத்தான் ஈக்கிது தம்பி. ஒரு பக்கத்தக் கோத்து, அடிச்சி, பிரிச்சி, மறுகாக் கோக்கோணும். பெரஹெரா நோட்டீஸ் முடியாம அதயும் தொட ஏலா. முடிஞ்சா ஒரு நாளைக்கு ஒரு பக்கம். பொறகு மடிக்கோணும், தைக்கோணும். ஒங்கட திருநாளுக்கு எங்க?"

பெரஹெரா ஊர்வலத்து யானைகள் வீதியில் போகிற நாட்களில், மாதா திருநாளுக்குச் சில வாரமே இருக்கையில், லூர்துவுக்கு மறுபடி உடம்பு காய்ந்தது. லேசாகத்தான். ஆனால் சம்சாரம் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. "மாதா ஞாபகப்படுத்துறா" என்றாள். நான் நானாவின் எழுத்துப் பெட்டியைப் பற்றி, அனுமதியைப் பற்றி, ஞானோபதேசத்தைப் பற்றி விளக்கப் போனேன். அவள் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டபடியே கோபமாகச் சொன்னாள்: "ஒரு நாளைக்கு ஒரு பக்கந்தான் வரும்னா ஒரு நாளைக்கு ஒரு பக்கத்தக் குடுங்களேன்! திருநாளுக்கு முன்னால நவநாள் ஒம்பது நாள் வருதா இல்லையா? ஒங்க பாட்டு எத்தன?"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மறுநாள் சுவாமியாரிடம் ஓடினேன். "புத்தகம் வேணாம் சாமி. நவநாளுக்கு நாளுக்கொரு பாட்டுத் தாள்." அவர் தாடியைத் தடவினார். "தாள் என்றால் அது அறிவித்தல். அறிவித்தலுக்கு என் அனுமதி போதும். ஆனால் ஒவ்வொன்றையும் வாசித்த பிறகே அச்சுக்கு விடுவேன்." முதலாளியிடம் சொன்னேன். போன தீபாவளிக்கு மிஞ்சிய ரோஸ் தாளும் மஞ்சள் தாளும் கட்டுக் கட்டாகக் கிடந்தது. "முருகனுக்கும் அம்மா உண்டுல்ல, தூக்கிட்டுப் போ" என்றார். கடைப் பேர் எங்கே போடட்டும் என்று கேட்டேன். "போடாட்டி ஊருக்குத் தெரியாதா, நம்ம தாளுன்னு?" அதுவும் சரிதான், அந்த ரோஸைக் கண்டிப் பட்டணமே அறியும்.

அம்பிட்டியப் பக்கம் மேட்டில் இருந்த எங்கள் சின்ன மாதா கோயிலில் நவநாளுக்குக் கொடி ஏறியது. முதல் தாள் ரோஸ். இரண்டாவது மஞ்சள். மூன்றாம் பாட்டுக்கு நானா ஆளனுப்பி என்னைக் கடையிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, ஒங்கட மாதாவுக்கு எத்தின 'ம' வேணும்? வரிக்கு வரி மாதா, மரியே, அம்மா, மகளே. பெட்டியில ஈக்கிற 'ம' எல்லாம் அள்ளிப் போட்டுட்டன். இன்னும் நாலு வரி மிச்சம்." யந்திரத்துப் பக்கத்தில் நின்றபடியே 'மாதாவே' என்று வந்த இடத்தையெல்லாம் 'ராக்கினியே' ஆக்கினேன்; ராணியைக் கோயில் பாட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

'காட்டுப்பாதை ஏறி வந்தோம் ராக்கினியே,
கூடை நெறைய கும்பிடு கொண்டாந்தோம் ராக்கினியே.'

உண்மையைச் சொன்னால் முந்தினதைவிட அது நன்றாக இருந்தது. எழுத்துப் பஞ்சத்திலும் தாய் ஒரு நன்மை வைத்திருந்தாள்.

ஐந்தாம் பாட்டைச் சுவாமியார் திருப்பி அனுப்பினார். அவர் வீட்டுக்கு ஓடிப்போய் நின்றேன். அவர் தாளின் அடியில் விரல் வைத்தார். கைப்பழக்கத்தில் 'வாரீர் வாரீர் சீக்கிரம் வாரீர்' என்று முடித்திருந்தேன். "மகனே, இது திருநாளா, மலிவு விற்பனையா?" என்றார். அந்த வரியை அடித்தேன்.

ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. மணி அடித்துவிட்டது, செபமாலை தொடங்கிவிட்டது, தாள் வரவில்லை. தாள் இல்லாத ஒரு நாள் நவநாளில் விழுந்தால் என் நேர்த்தி அங்கேயே ஒடிந்தது. சம்சாரம் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பித் திரும்பி என்னைப் பார்க்கிறாள். பிரார்த்தனை பாதி நடக்கும்போது வாசலில் ஒரு பெரிய கறுப்புக் குடை. நானாவேதான். உடுத்திருந்த சாரன் முழங்கால்வரை நனைந்திருந்தது, தாள்கட்டு மட்டும் எண்ணெய்த் துணிக்குள் காய்ந்து கிடந்தது. "தம்பி, மை காயல்ல. கைபடாமப் புடிக்கச் சொல்லுங்கோ" என்றார். அன்றைக்குப் பாடிய ஜனம் எல்லாருக்கும் விரல் நுனி கறுப்பு.

அதற்குள் வீடுகளில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. தாள் சேரச் சேரப் பெண்கள் தைத்திருக்கிறார்கள். ஒருத்தி சாக்கு நூலால், ஒருத்தி ரவிக்கைத் துண்டை அட்டையாக வைத்து, ஒருத்தி வாழைநாரால். ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

திருநாள் காலையில் நான் கோயில் படியில் நின்றேன். தேயிலைத் தோட்டத்து ஜனம் மேட்டுப் பாதையில் ஏறி வருகிற சத்தம் கேட்டது. பெண்கள் குரல். கிட்டே வர வரச் சொல்லும் பிடிபட்டது. 'காட்டுப்பாதை ஏறி வந்தோம் ராக்கினியே.' நான் கோயில் கீர்த்தனை மெட்டில் எழுதியதைக் கும்மி மெட்டுக்கு மாற்றிக்கொண்டு, கைதட்டிக்கொண்டு வருகிறார்கள். நவநாளுக்கு ஒரு தடவைகூட வராத ஜனம். யாரோ ஒருத்தர் அன்றன்றைக்குக் கொண்டுபோன தாள்களை வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் வாசித்துக் காட்ட, கொழுந்து எடுக்கும்போதே மலை முழுக்கப் பரவிவிட்டதாம். நான் போகாத இடத்துக்கெல்லாம் என் பாட்டு எனக்கு முன்னால் ஏறிப் போயிருந்தது.

பூசைக்குப் பிறகு சம்சாரம் தான் தைத்ததைச் சுவாமியாரிடம் நீட்டினாள். "சாமி, இவரு புத்தகம்னு நேந்துக்கிட்டாரு. இது தாளுங்கதான். தாய் ஏத்துக்குமா?" அவர் புரட்டிப் பார்த்தார். "சுவிசேஷங்களும் ஒரே நாளில் ஒரே கட்டாக வந்தவை அல்ல, மகளே. இது புத்தகம்தான்" என்றார். லூர்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு போய் மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்தாள். வெளியே மாதாவின் கூட்டைத் தேர் மாதிரி தோளில் தூக்கினார்கள். வெடி போட்டார்கள். ஒன்பது பாட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக்கொண்டு ஜனம் நகர்ந்தது. முதலாளியும் நானாவும் ரோட்டோரம் குடையோடு நின்று பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நடந்தேன். அன்றைக்கு லங்காவிலே என்னைவிடப் பெரிய ஆசிரியர் இல்லை என்றுதான் நினைத்தேன், கர்த்தர் மன்னிப்பாராக. அதற்குப் பிறகு லூர்துவுக்கு அந்தக் காய்ச்சல் வரவேயில்லை.

நானா போய்ச் சேர்ந்துவிட்டார். அச்சுக்கூடம் இருந்த இடத்தில் இப்போது ரேடியோ திருத்துகிறார்கள். நவநாள் புத்தகம் கொழும்பிலிருந்து அழகாக அச்சடித்து வருகிறது, யாரும் தைப்பதில்லை. எங்கள் வீட்டுப் பிரதி பாடிப் பாடியே மடிப்பில் கிழிந்து, துண்டு துண்டாகப் போயிற்று. தோட்டங்களில் கிடந்தவையும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஜனத்தை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் கண்டி ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். மேடையில் குடும்பம் குடும்பமாக, டிரங்குப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நடுவயதுப் பெண் எதையோ தேடப் பெட்டியைத் திறந்தாள். சேலைகளுக்கு நடுவில் சாக்கு நூலால் தைத்த ரோஸ் தாளும் மஞ்சள் தாளும். கால் தானாக அங்கே போயிற்று.

"அம்மா, அதக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தாறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சட்டென்று அதை எடுத்துச் சேலைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது எங்கம்மா தச்சதுங்க ஐயா. யாருக்கும் குடுக்கிறதில்ல."

நான் இன்னார் என்று சொல்லவில்லை. வண்டி வந்தது. அவள் ஏறினாள், இடுப்பிலிருந்து கையை எடுக்காமலே.