மத்தியானமே செத்துப்போகும் போன்

கடையில் அவளுக்குத் தராசு என்று பெயர். வாடிக்கையாளரின் ஒரு உள்ளங்கையில் அவருடைய பழைய போனையும் மற்றதில் புதிதாக வந்த ஒல்லிப் போனையும் வைத்து, "எது கனம்னு நீங்களே சொல்லுங்க" என்பாள். அதற்கு மேல் அவள் பேசத் தேவையில்லை. வந்தவர் முகம் மலர்ந்துவிடும். ஒல்லிப் போன் விற்றுவிடும்.

அந்தப் போனைத் தொடவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பல்லி வயிற்றைத் தொட்ட மாதிரி வழுவழுப்பு. கடை திறந்ததும் முதல் வேலை, முந்தின நாள் கண்ட விரல்களும் தடவிவிட்டுப் போன பிசுக்கைக் கண்ணாடிகளிலிருந்து துடைப்பது. அடுத்த வேலை, மேசைக்கு அடியிலிருந்து வரும் சார்ஜர் ஒயர் எல்லாப் போனிலும் செருகியிருக்கிறதா என்று பார்ப்பது. காட்சிக்கு வைத்த போன் ஒயரை விட்டுப் பிரியவே பிரியாது. எப்போது பார்த்தாலும் பேட்டரி முழுசாக இருக்கும். வீட்டுக்கு எடுத்துப் போனால்தான் மத்தியானமே வாயைப் பிளக்கும். உள்ளே இடம் விட்டால்தானே பெரிய பேட்டரி வைக்க முடியும்? போன் தாளாட்டம் இருக்க வேண்டும் என்று பேட்டரியின் வயிற்றில் அடித்திருந்தார்கள்.

அவள் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மா வேலைக்குப் போனதும் அவனைப் பார்த்துக்கொண்டவள் இவள்தான். பள்ளியில் அவன் கற்றுவந்த சைகை மொழியை அவனிடமே கற்றாள். அக்கா தம்பிச் சண்டை முழுவதும் கையாலேயே நடந்தது. சாப்பிடும்போது மட்டும் சமாதானம், கை காலியில்லாததால்.

இப்போது அவன் வேறு ஊரில் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறான். வீடியோ காலில்தான் அவனோடு பேச முடியும். அதில் பேட்டரி கற்பூரமாகக் கரையும். அவனோ அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒல்லிப் போன் வாங்கிவிட்டான். போன வாரம் 'அம்மாவைப் பார்க்க' என்று காட்டி, அடுத்த சைகைக்குக் கையைத் தூக்கியதும் திரை இருண்டது. வருகிறானா, வரவில்லையா? அம்மா மறுநாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த எரிச்சல் ஆறுவதற்குள், ஒரு பகல் வேளையில், ஓர் இளம் ஜோடி கடைக்குள் வந்தது. கணவனும் மனைவியும் கையால் பேசிக்கொண்டார்கள். மேலாளரின் கண் பளிச்சிட்டது.

"தராசு, உனக்குத்தான் அந்தக் கைப்பேச்சு தெரியுமே. போ, ஒல்லியைத் தள்ளிவிடு." அவர் மெல்லும் புதினா மிட்டாய் வாடை அவள் காதோரம் வந்து மோதியது. "நாள் முழுக்க நிக்கும்னு சொல்லு."

"நிக்காதே சார்."

"ஒயரோட நிக்குதில்ல? பொய்யா சொல்லச் சொன்னேன்?"

மனைவி கையசைத்துக் கேட்டாள்: 'இவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. தினமும் வீடியோவுலதான் பேசணும். இது தாங்குமா?'

தராசுக்குக் கை எழவில்லை. 'தாங்கும்' என்று வாயால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொன்ன கையோடு மறந்திருக்கிறாள். ஆனால் இந்தக் கைகளால் தம்பியைத் திட்டியிருக்கிறாள், அப்பா இறந்த செய்தியை அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். பொய் சொன்னதில்லை. பின்னால் மேலாளர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ரொம்ப ஒல்லி, ரொம்ப அழகு, நாள் முழுக்க நிக்கும்," என்று அவருக்குக் கேட்கும்படி வாய் சொன்னது.

கை வேறு சொன்னது: 'என் வாயைப் பார்க்காதீங்க. இது மத்தியானமே செத்துப்போகும். பேச்சு பாதியில அறுந்துடும். அந்தக் கோடியில ஒரு தடியன் இருக்கான் பாருங்க. செங்கல் மாதிரி இருப்பான், ஆனா ராத்திரி வரைக்கும் பேசுவான்.'

கணவன் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தான். இருவரும் தடியனை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"என்ன, செங்கல்லைத் தூக்கிட்டுப் போறாங்க?"

"ஒல்லி கையில வழுக்குதாம் சார்."

அவர் அதை நம்பிவிட்டார். நம்பியதோடு நிற்கவில்லை. "அதுங்க நிறைய பேர் இருக்கும்ல? நீ ஒல்லியைக் காட்டி, நாள் முழுக்க நிக்கும்னு கையால ஒரு வரி சொல்லு. நான் வீடியோ எடுத்துப் போடறேன். மொத்தக் கூட்டமும் இங்கதான் வரும்."

'அதுங்க' என்ற சொல்லைக் கேட்டதும் அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் அதற்குள் தன் போனை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டார்.

"கையால முடியாது சார்."

"ஏன், சுளுக்கா?"

"வாயால எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன். கையால மாட்டேன்."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? பெரிய இவ! முடியாதுன்னா நாளையிலேருந்து சர்வீஸ் மேசைக்குப் போ."

சர்வீஸ் மேசை கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே விற்பனையும் இல்லை, கமிஷனும் இல்லை. திட்டு வாங்குவதற்கென்றே போட்ட நாற்காலி. அதில் உட்கார்ந்த யாரும் நிலைத்ததில்லை.

"நாளைக்கு என்ன சார், இப்பவே போறேன்."

அங்கே ஒருவர், பேட்டரி ஊதிக் கண்ணாடி பெயர்ந்த ஒல்லிப் போனை மேசையில் விசிறி அடித்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "இதை எந்த மகராசி எனக்கு வித்தா?"

"நான்தான் சார். உட்காருங்க," என்று சொல்லி அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.