ஏழாம் நம்பர் மலையின் மூன்றாவது நிரை

என் நாட்குறிப்பில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "காலையில் பனி. அக்கா ஒன்பது மணிக்கே வெறுங்கூடையுடன் திரும்பிவிட்டாள். காரணம் கேட்கவில்லை." நான் கேட்காமலே மாலைக்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தோட்டத்து வேலைக்குப் பெயர் பதிந்த நாளிலிருந்து அக்கா ஏழாம் நம்பர் மலையில்தான் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். யாருக்கு எந்த நிரைச் செடிகள் என்று எங்கள் தோட்டத்தில் எழுதி வைத்ததில்லை. அவரவர் வழக்கமான நிரையில் இறங்கிவிடுவார்கள். அக்காவுடையது மூன்றாவது. தோட்டத்து நிர்வாகத்தை நாள் முழுக்கத் திட்டுவாள். வெளியார் யாராவது தோட்டத்தைக் குறை சொன்னால் சண்டைக்குப் போவாள்.

பிறகு மலைகளைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏழாம் நம்பரில் அக்காவின் நிரை இருந்த துண்டு எதிர் லயத்துக் குடும்பம் ஒன்றுக்குப் போயிற்று. அக்காவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரையோரத் துண்டு. பிரித்த மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பனிக்குள் அவள் கால்கள் பழைய வழியிலேயே போய்விட்டன. அரைக்கூடை எடுத்த பிறகுதான் அந்தக் குடும்பத்து மருமகள் வந்தாள்.

"என்னங்கக்கா, எங்க மலையில கூடையோட நிக்கிறீங்க?"

"ஒங்க மலையா? இது எம் நிரைடி."

"அது நேத்து வரைக்கும். வீட்டுக்குப் போற வழியாச்சும் ஞாபகம் இருக்கா, இல்ல கூட வரணுமா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா கூடையை அவளுடைய சாக்கில் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கமும் இதே தோட்டந்தானேக்கா?" என்றேன் இரவுச் சாப்பாட்டின்போது.

"தபால் கந்தோர்ல ஒன் மேசைய மாத்துனதுக்கு மூணு நாளு ஒனக்குச் சோறு எறங்கல. நீ எனக்குச் சொல்ல வந்துட்ட."

மூன்றாவது நிரையைத் திரும்பக் கேட்டு அவள் மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஆத்தோரம் போதும்னு நீங்கதானே கையெழுத்து வச்சீங்க?" என்றார் அவர்.

அக்கா திரும்பி நடந்தாள். வழியெல்லாம் என்னிடம், "நா வைக்கலடா, வைக்கல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது ஆற்றோரத்தில் நன்றாகத்தான் கொழுந்து எடுக்கிறாள். "அந்தத் துண்டு" என்றுதான் அதைச் சொல்கிறாள். தோட்டத்தை யார் குறை சொன்னாலும் பேசாமல் இருக்கிறாள்.

பிரித்துக் கொடுத்த அன்று மழையில் எல்லோரிடமும் பல தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அவற்றில் ஆற்றோரத்தை அவளே கேட்டதாக ஒரு தாள் உண்டா என்று பார்க்க இருமுறை தோட்டத்து அலுவலகமான கந்தோருக்குப் போனேன். கோப்பு கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தத் தாளை நான் இதுவரை பார்க்கவில்லை. அக்கா அதில் கையெழுத்திட்டாளா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.