ஒரே ஆளின் இரண்டு படங்கள்

திரையில் இரண்டு மூளைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் கட்டி இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். இரண்டும் வேறு வேறு நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்கள் என்றது கட்டுரை. ஆய்வுப் பத்திரிகை கேட்ட அளவுக்கு அவற்றைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். முதல் படத்தில், கட்டியின் ஓரத்தில் கொக்கி போல வளைந்த ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. இரண்டாவதிலும் அதே கொக்கி, திசை மட்டும் மாறி. ஒரு படத்தை இடம் வலமாகப் புரட்டி மற்றதன்மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

அது 2009. சிதம்பரத்தில் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஆய்வு மாணவர்களின் கட்டுரைகளைப் பத்திரிகைக்கு ஏற்றபடி ஒழுங்குசெய்து கொடுத்துவந்தேன். நான் படித்தது ஆங்கில இலக்கியம். வாக்கியங்களைத் திருத்துவேன், படங்களைக் கேட்ட அளவுக்கு மாற்றுவேன். படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலையில்லை.

இந்தக் கட்டுரையை எழுதியவர் கடலூரில் ஒரு பொறியியல் கல்லூரி விரிவுரையாளர். நாற்பதைத் தாண்டியவர், திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர். வகுப்பும் எடுத்துக்கொண்டு, ஸ்கேன் படத்தில் கட்டியைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் முறை பற்றி ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துவந்தார். கட்டாயமாக வெளிவர வேண்டிய இரண்டு கட்டுரைகளில் இது இரண்டாவது. பத்திரிகை இதை ஏற்றுக்கொண்டு, தெளிவான படங்களை மட்டும் இரண்டு வாரத்துக்குள் கேட்டிருந்தது. பட்டத்துக்கான அவருடைய பதிவுக் காலம் முடிய ஒரே மாதம்தான் இருந்தது.

இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தெரிந்தே செய்திருப்பாரோ என்று ஒரு பயம். நான் பார்த்ததே தப்பாக இருந்தால் என்று இன்னொரு பயம். தப்பாக இருக்கக் கூடாதா என்ற ஆசையும் கூடவே இருந்தது. மூன்றாம் நாள் படங்களை அச்செடுத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறினேன். சிப்காட் ரசாயன ஆலைகள் வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அந்த நெடி உறைக்கவே இல்லை. அவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனசுக்குள் மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். “இந்த மாசத்தோட முடிஞ்சிடும்னு சொல்றாரு மேடம். இவரோட ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போயி ஏழு வருஷமாச்சு” என்று சிரித்தபடி காபி கொடுத்தார். அந்தக் காபியை என்னால் குடிக்க முடியவில்லை.

விரிவுரையாளர் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். ஒன்றைத் திருப்பி மற்றதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“மொதல்ல குடுத்த சிடில சில படம்தான் ஓப்பன் ஆச்சு மேடம். ஸ்கேன் சென்டர்ல திரும்ப வாங்கினேன். பேரு இல்லாம நம்பர் மட்டும்தான் போட்டுக் குடுப்பாங்க. ரெண்டாவது தடவ நம்பரும் மாறி, படமும் திரும்பி வந்திருக்கு. நான் வேற ஆளுன்னு சேத்துட்டேன்.”

நம்பினேன். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அவுங்க கேட்டது தெளிவான படம்தானே. அனுப்பிடுங்களேன். யாரு இதப் பொரட்டிப் பாக்கப் போறாங்க?”

“நான் பாத்துட்டேனே சார்.”

“உங்க வேல இங்கிலீஷ் திருத்துறதுதானே மேடம்.”

முகம் சுட்டது. “நான் அனுப்ப மாட்டேன் சார். நீங்க அனுப்பினா யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்” என்று எழுந்துவிட்டேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அதன்பிறகு தினமும் மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது அவரிடமிருந்து ஒரு நகல் வந்தது. பத்திரிகை ஆசிரியருக்கு அவரே எழுதிய கடிதம். ஒரு நோயாளியை இரண்டு முறை சேர்த்துவிட்டதாகவும், முடிவுகளை மறுபடி கணக்கிட வேண்டியிருப்பதால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் மூன்றே வரிகள். எனக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை.

பதிவுக் காலம் முடிந்துபோனது. அதை நீட்டிக்க அவர் அலைந்து அனுமதி வாங்கியதும், அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு இளையவர் ஒருவருக்குப் போனதும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருமுறை பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வேறு பஸ்ஸில் போனேன்.

2012இல் சிதம்பரத்தில் அவருக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யாரும் போய் உட்காரலாம். கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தேன். தேர்வாளர் கேட்டார்: “முப்பத்தொன்பது நோயாளிங்க. அதென்ன கணக்கு? எல்லாரும் நாப்பது, அம்பதுன்னுதானே எடுப்பாங்க?”

அவர் தண்ணீர் குடித்தார். “நாப்பதுன்னுதான் நெனச்சிருந்தேன் சார். ஒருத்தரையே ரெண்டு தடவ எண்ணிட்டேன். ஒருத்தவுங்க எடுத்துக் காட்டினாங்க. மறுபடி செஞ்சு முடிக்க மூணு வருஷம் ஆயிடுச்சு.”

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் பார்வை கடைசி வரிசைக்கு வந்து, என்மேல் நின்று, நகர்ந்தது.

இன்று அவர் பேராசிரியர். அவருடைய மாணவர்கள் கட்டுரையோடு என்னிடம் வருகிறார்கள். “படத்தையும் மேடம் பாக்கணும்னு சார் சொல்லி அனுப்பினாரு” என்கிறார்கள். அவர் ஒருமுறைகூட எனக்குப் போன் செய்ததில்லை. அந்த மூன்று வருஷத்தை நன்றியாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா? கேட்டுவிடலாம் என்று அவர் எண்ணை எடுப்பேன். குறையாகத்தான் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவேன்.