பிறந்த வீட்டுக் கோடி

மலாக்கா டவுனில் டூரிஸ்ட் கடைகளின் வாசலில் குளியல் துவாலைகள் தொங்கும். ஒன்றில் சிவப்புக் கட்டடம், இன்னொன்றில் பழைய கோட்டை வாசல். வெள்ளைக்காரன் கட்டியதை எல்லாம் போட்டோ பிடித்து நம்மை முதுகு துடைக்கச் சொல்கிறார்கள் என்று அம்மாவிடம் கேலி பேசுவேன். பிறகு எங்கள் வீட்டுக்கே அப்படி ஒரு துவாலை வந்து சேர்ந்தது. அதில் இருந்தது அம்மா பிறந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில்.

பெம்பான் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தை வீடு கட்டுவதற்கு விற்றுவிட்டார்கள். பூசை செய்து அம்மனை வேறு கோயிலுக்குக் கொண்டுபோன அன்று, கோயில் கமிட்டி வந்தவர்களுக்கெல்லாம் நினைவாக ஆளுக்கொரு துவாலை கொடுத்தது. முகப்பு, மூன்று படி, பக்கத்து வேப்பமரம் எல்லாம் அதில் பளிச்சென்று இருந்தன. நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் துவாலையில் கோயிலைப் போட்டுக் கொடுத்தால் மனுஷன் அதை வைத்து என்ன செய்வான்?

நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனேன். அம்மா வழி மறித்துவிட்டார்.

"அதுலயா ஒடம்பு தொடைக்கப் போற? வச்சிடு லா!"

"சாமியதான் எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா. இது வெறும் கட்டடம்."

"நான் தவழ்ந்த எடம்டி அது. கட்டடமாம், கட்டடம்!"

அதோடு அது சாமி அலமாரிக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அம்மா அதை எடுத்து உதறி, சற்று நேரம் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். ஒருமுறை காரில் கூட்டிப்போனேன். கோயில் எந்த இடத்தில் நின்றது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. எங்களிடம் அந்தக் கோயிலுக்கு வேறு படமும் கிடையாது.

இந்த வருஷம் அம்மா போய்விட்டார். பத்து பெரண்டாமில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம். காரியங்களை முன்னின்று நடத்த எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுத் துணியைத்தான் முதலில் போர்த்த வேண்டும். அம்மாவுக்கு ஒரே அண்ணன். அவர் பிள்ளையில்லாமல் எப்போதோ இறந்துவிட்டார். அங்கே யாரும் இல்லை என்றேன். பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பரவால்லம்மா. கடையில ஒரு சேலை வாங்கிட்டு வரச் சொல்லு. யாராவது மாமன் மொறையில போட்டுடலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. என் அம்மா என்ன, ஊர் பேர் இல்லாமல் வந்தவரா? நேராக சாமி அலமாரியைத் திறந்தேன். துவாலையைக் கையில் எடுத்ததும்தான் அது உறைத்தது. கொடுத்தால் அம்மாவோடு சேர்ந்து எரிந்துவிடும். பிறகு அந்தக் கோயிலைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. அழுதுகொண்டேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஐயா, இது அவங்க பொறந்த எடத்துலேர்ந்து வந்தது. இதுவரைக்கும் தண்ணியே பட்டதில்ல."

அவர் விரித்துப் பார்த்தார். "கோயில் படமா இருக்கேம்மா. பொணத்து மேல எப்படி?"

"சாமி அதுல இல்லீங்க ஐயா. வெறும் கட்டடம்தான்" என்றேன். அன்று அம்மா எந்த வார்த்தைக்கு என்னைத் திட்டினாரோ, அதே வார்த்தை.

பெரியவர் அந்தப் படிகளையும் வேப்பமரத்தையும் வெகு நேரம் பார்த்தார். பிறகு கால் பக்கம் படாமல், முகப்பு மேலே தெரியும்படி, அம்மாவின் நெஞ்சின்மேல் அதைப் போர்த்தினார். நிமிர்ந்து, வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"பொறந்த வீட்டுக் கோடி வந்துடுச்சு."