கை நீளத் தூரத்தில் ஒரு தளபதி

இரு நிற எபாக்ஸி மாவைச் சேர்த்துப் பிசையும்போது எழும் வாடை, மீன் கழுவிய தண்ணீரில் பெயிண்டைக் கொட்டியது போல இருக்கும்; குழாய் ஒழுகலை அடைப்பதற்கென்று அப்பா வைத்திருந்த அந்த மாவு, ஒரு ஜூலை மாதம் என் அண்ணன் சேவியரின் நகக்கண்களில் ஏறிக்கொண்டு எங்கள் ஃபர்வானியா வீட்டையே நாறடித்தது.

அப்பா குவைத்தில் ஒரு மருத்துவமனையின் பராமரிப்பு டெக்னீஷியன், அம்மா அங்கேயே நர்ஸ். ஊர் குளச்சல் பக்கம். கோடை விடுமுறையில் வெளியே தலைகாட்ட முடியாது என்பதால், அப்பாவுக்குத் தெரிந்த ஓர் ஆங்கிலேயர் நாடு திரும்பும்போது விட்டுப்போன சுண்டுவிரல் உயர உலோகப் போர்வீரர்களை வைத்து, மூன்றாம் மாடியிலிருந்த யாழ்ப்பாணத்துக் குகனும் அண்ணனும் சாப்பாட்டு மேசையில் போர் புரிந்தார்கள். விதிகளை இயற்றியவன் நான். பிற்காலத்தில் பிறருடைய விசாவுக்கும் இகாமா என்ற வசிப்பு அனுமதிக்கும் கவுன்ட்டர் கவுன்ட்டராக நின்றே ஓய்வுபெற்றேன் என்றாலும், எங்கள் விதிகளைப் போலக் கண்டிப்பானவற்றை எந்த அரசாங்கமும் எனக்குக் காட்டவில்லை. தளபதி செத்ததும் "இவன் இல்ல, அவன்தான் தளபதி" என்று இருவருமே சாதித்ததால், போருக்கு முன் எதிராளி கை நீளத் தூரத்திலிருந்து பார்த்து, யாரும் சுட்டிக்காட்டாமல் தளபதியைத் தானே அடையாளம் காண வேண்டும் என்று வைத்தேன். காண முடியாவிட்டால் போரே கிடையாது. தளபதி அடையாளம் தெரியாத படை தோற்றதாகக் கணக்கு.

அண்ணனைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்கு அனுப்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை விமானம், வெள்ளி மாலை கடைசிப் போர். அந்தக் கோடையில் அவன் குகனை ஒருமுறைகூட வென்றதில்லை.

வியாழக்கிழமை, ஜன்னல் ஏசியின் மேல் நிறுத்தியிருந்த எங்கள் தளபதி, அது அதிர அதிர அங்குலம் அங்குலமாக நகர்ந்து, சட்டத்தின் இடுக்கு வழியே தெருவில் விழுந்தான். நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் தண்ணீர் டேங்கர் லாரி ஏறிவிட்டது. எடுத்து வந்தபோது நாணயம் போலத் தட்டையாக இருந்தான். இடுப்பில் ஊன்றிய இடக்கை, தோளில் புரளும் போர்வை, கோழிக்கொண்டை வைத்த தலைக்கவசம் எல்லாம் அச்சடித்தது போலத் தெரிந்தன, ஆனால் நிற்க மாட்டான்.

"இன்னொருத்தன இவனாக்கிருவோம்டே," என்றான் அண்ணன்.

பெட்டியில் மிஞ்சியிருந்தவன் ஒரு சாதாரண ஈட்டிக்காரன். ஈட்டியை அப்பாவின் கட்டிங் பிளேயரால் நறுக்கினோம். கையை இடுப்புக்கு வளைப்பதுதான் கண்டம். அந்த உலோகம் ஒருமுறை வளையும், திருப்பி வளைத்தால் முறிந்துவிடும். அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு வளைத்தான். முழங்கையில் மயிரிழைக் கீறல் ஒன்று விழுந்து, அதற்கு மேல் போகாமல் நின்றது.

ட்யூட்டி முடிந்து வந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஈயம்டே அது, கையக் கழுவாம சோத்துல கை வச்சீங்க, வார்டுலயே படுக்கப் போட்டுருவேன்," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

மாவு விரலில் ஒட்டாமலிருக்க ஈரம் வேண்டும். அண்ணன் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து, விரலை நனைத்து நனைத்துக் கொண்டையை நீவினான். பாதி நீவுவதற்குள் அது கல்லாகிவிட்டது. கத்தியால் செதுக்கி எறிந்து மறுபடி வைத்தான், மறுபடியும் கல். மாவு பட்டாணியளவு மட்டும் மிச்சமிருந்தபோதுதான் நான் கிண்ணத்தில் விரலை விட்டேன், சுட்டது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர்தான் வரும், குளிர்ந்தது வேண்டுமானால் அணைத்து வைத்த ஹீட்டரின் குழாயைத்தான் திறக்க வேண்டும் என்பதைத் தினமும் குளிக்கும்போது கடைப்பிடித்த நாங்கள், சூட்டில் மாவு சீக்கிரம் இறுகும் என்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

"லேய், ஹீட்டர் தண்ணி எடுத்துட்டு வா. இது போச்சுன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

அந்தத் தண்ணீரில் மாவு பணிந்தது. கொண்டை வந்தது, போர்வைக்கு மூன்று மடிப்பும் வந்தன. முகத்துக்கு மாவு இல்லை; ஈட்டிக்காரனின் முகத்தையே விட்டுவிட்டோம்.

வெள்ளி மாலை குகன் வந்தான். நான் படையை மேசையில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். தளபதி யாரென்று அண்ணனின் பார்வை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதால், அண்ணனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன், நின்றான். அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

குகன் கையை நீட்டித் தூரம் அளந்தான், குனிந்தான், ஒவ்வொருவனாகப் பார்த்தான். "முகம் ஒண்டும் பிடிபடேல்லை," என்றான். பிறகு, "பொறு, பொறு. உவன் ஆர், பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி இடுப்பில கை வைச்சுக்கொண்டு? உவன்தான் உங்கட தளபதி."

அண்ணன் திரும்பினான். அவன் முகத்தில் வந்த பெருமிதமே அவனைக் கெடுத்தது. எப்போதும் படைக்குப் பின்னால் நிறுத்தும் தளபதியை அன்று எல்லோரும் பார்க்கும்படி முன்வரிசையில் நிறுத்தினான். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே குகனின் குதிரைகள் அவனைச் சூழ்ந்தன. பிடிபட்ட தளபதி வென்றவனுக்கே சொந்தம் என்ற விதியும் நான் வைத்ததுதான்.

குகன் அவனை உள்ளங்கையில் நிற்க வைத்து, கீழே விழாமல் மறுகையால் அணைகட்டியபடி படியிறங்கினான். அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். "பாத்தியாடே, நெசத் தளபதியப் பிடிச்ச மாதிரில்லா கொண்டுபோறான்." மறுநாள் அவன் விமானம் ஏறினான்.

இப்போது நான் துபாய் அல் குசைஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஃபர்வானியாவில் அந்தக் கட்டடம் இல்லை, குகன் குடும்பம் எந்த நாட்டுக்குப் போனது என்று சொல்ல ஆளும் இல்லை. லாரி ஏறிய அந்தப் பழைய தளபதியின் அச்சில் வார்த்த இன்னொருவன் மட்டும் இணையத்தில், பெட்டியோடு, கீறல் இல்லாமல் விற்பனைக்கு வந்திருந்தான். வாங்கலாமா என்று கேட்டு நாகர்கோவிலில் இருக்கும் அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இது கம்பெனிக்காரன் செஞ்சதுல்லா. நமக்கு எதுக்கு?"

"நம்மாளு இனிக் கிடைக்க மாட்டான் அண்ணே. குகன் எப்பவோ தூக்கிப் போட்டிருப்பான்."

"போடே," என்றான் அண்ணன். "பிடிச்ச கைதிய எவனாவது தூக்கிப் போடுவானா?"