சிஸ்டோலும் எம லிங்கமும்

இதயம் ஒரு தடவை சுருங்குவதற்கு சிஸ்டோல் என்று பெயர். ஏழாம் வகுப்பில் இதைக் கேட்ட அன்றைக்கே நான் சாகத் தயாராகிவிட்டேன்.

"கிரேக்கச் சொல். ஒண்ணா இழுத்துச் சேர்க்கறதுன்னு அர்த்தம்" என்றார் சயின்ஸ் டீச்சர். (நெடிலைக் குறிலாகச் சுருக்குவதற்கும் கிரேக்கர்கள் இதே பெயரை வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். அப்போதே தெரிந்திருந்தால் இலக்கணத்துக்கும் சேர்த்துப் பயந்திருப்பேன்.) இதயம் அவரவர் முஷ்டி அளவுதானாம். முஷ்டியை இறுக்கி இறுக்கி விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கை கடுத்தது. சுருங்கிய இதயம் விரிந்து இளைப்பாறும் கதையை அவர் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது.

ஆக, ஓய்வே இல்லாத ஒரு இதயத்தோடு வீடு வந்தேன். கையே இந்தப் பாடு படும்போது அது எத்தனை நாள் தாங்கும்? தீர்மானமாக முடிவெடுத்தேன். இனி ஓடுவதில்லை, மாடி ஏறுவதில்லை, கோபப்படுவதில்லை. தங்கை என் பம்பரத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது புன்னகைத்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை அப்பா என்னைக் கிரிவலத்துக்குக் கூப்பிட்டார். கூடவே அவருடைய அக்கா, என் அத்தை. மலையை முழுசாகச் சுற்ற வேண்டும். தப்ப வழியில்லை. அங்கங்கே உட்கார்ந்து இதயத்தைக் காப்பாற்றுவது என்று கிளம்பினேன்.

மலையைச் சுற்றி இருக்கும் எட்டு லிங்கக் கோயில்களில் ஒன்றான அக்னி லிங்கத்தில் உட்கார்ந்தேன். ரமணாசிரமத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"கெளவனாட்டம் உக்கார்றியே, வெக்கமா இல்ல?" என்றாள் அத்தை.

"இருக்கட்டும்க்கா, பையனுக்கு மூச்சு வாங்குது" என்றார் அப்பா.

"எனக்கு ஒண்ணும் வாங்கலப்பா, முன்ஜாக்கிரதையாத்தான்…" என்று ஆரம்பித்தேன். அப்பா என் கையை அழுத்தினார்.

அடுத்தது எம லிங்கம். எல்லா இடத்திலும் உட்காரலாம், எமன் வாசலில் மட்டும் கூடாது என்பதில் நான் உறுதி. இதயத்தை மறந்து வேகமாக அதைத் தாண்டினேன். திரும்பிப் பார்த்தால் அப்பா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. காலை வெயில் இன்னும் ஏறவேயில்லை.

ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தேன். "இங்க வேணாம்பா, வாப்பா!"

"இருடா. எமன்கிட்டயே நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்."

அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "மறுபடியும் என்னடா?"

அப்பாவின் இதயம் சரியாகச் சுருங்கவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்ததும், அதை அவர் யாரிடமும் சொல்லாமல் நடக்கக் கிளம்பியதும் பல வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"பையனால முடியலக்கா" என்றார் அப்பா, உட்கார்ந்தபடியே. நான் நின்றுகொண்டிருந்தேன். அத்தை நம்பினாள். நானும் நம்பினேன்.